பம்பைக் கழற்றிய கிருமி

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார் கலீல் ரகுமான். அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஞானசேகரன் சொன்னபோது, அவர் வாயில் வந்தது ஒரு விசித்திரமான கேள்வி.

“சார், அப்புறம் சைக்கிள் மிதிக்க முடியுமா?”

அவர் சைக்கிளைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பயத்தில் எங்கிருந்தோ அந்தக் கேள்வி வந்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜுபைதா புருஷனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நசரத்பேட்டை அருகே ஒரு தண்ணீர் லாரி ஒடித்துத் திரும்பியதில் பைக்கோடு விழுந்தவர் கலீல். முதலில் போன ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடியதோ இல்லையோ, தையல் கூடவில்லை. கணுக்காலுக்கு மேலே ஓர் ஓட்டை விழுந்து, அதிலிருந்து பச்சை நிறத்தில் சீழ் கசிய ஆரம்பித்தது. அழுகப்போகும் திராட்சை போல ஒரு தித்திப்பு வாடை. மறுபடி கிழித்துக் கழுவினார்கள். ஊசி மாற்றினார்கள், மாத்திரை மாற்றினார்கள். அம்பத்தூரில் இருந்த இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது கலீல் பாதியாக இளைத்திருந்தார். கடையை ஜுபைதாதான் பார்த்துக்கொண்டாள். வருகிற மோட்டார்களை வேறு கடைக்குக் கொடுத்து வாங்கி வாடிக்கையைக் காப்பாற்றி வந்தாள்.

“பாய், லேப்ல இருக்கிற அத்தனை மருந்தையும் இந்தக் கிருமி மேல போட்டுப் பாத்துட்டோம்,” என்றார் ஞானசேகரன். சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷர். “எதுக்கும் மசியல.”

“ஒண்ணுக்குக் கூடவா சார்?” என்றாள் ஜுபைதா.

“ஒரே ஒரு மருந்து கேக்குதும்மா. ஆனா அது இவரு கிட்னிய அடிக்குது. போன மாசம் போட்டுப் பாதியில நிறுத்துனோமே, அதுதான். இப்படியே விட்டா எலும்புல இருந்து ரத்தத்துக்குப் போயிடும். அப்ப காலைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.”

கலீல் தன் கால் கட்டைப் பார்த்தபடி இருந்தார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எடுக்கறதுக்கு முன்னாடி மாடியில ஒருத்தரப் பாருங்க. ஆராய்ச்சி லேப்ல வர்ஷான்னு ஒரு பொண்ணு. நான் நம்பிக்கை எதுவும் கொடுக்கல பாய். ஆனா உங்க கேஸைப் பத்தி எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கு.”

வர்ஷா நாமக்கல் பக்கத்துப் பெண். ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட்டில் தோழியோடு தங்கி, தினமும் அம்பத்தூருக்கு வந்து போகிறவள். சக்கர நாற்காலி லேப்புக்குள் நுழைந்ததும் எழுந்து வந்து, கலீலின் காலை இடிக்காமல் மேஜையை நகர்த்திக் கொடுத்தாள். மேஜை மேல் லேப்டாப்போடு இணைந்து ஒரு சின்னக் கருவி கிடந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

“அண்ணா, உங்க கால்ல இருந்து எடுத்த கிருமியோட மரபணுவை இந்த மெஷின் எழுத்து எழுத்தாப் படிச்சிருக்குதுங்க. முன்னெல்லாம் வெளியூருக்கு அனுப்பிட்டு வாரக்கணக்குல காத்திருக்கோணும். இப்ப ஒரே நாள்ல இங்கயே வந்துருது.”

“படிச்சதுல இன்னா எழுதி கீது மேடம்?”

வர்ஷா ஒரு வட்டம் வரைந்தாள். அதன் சுவரில் சின்னச் சின்னதாகக் குழாய்களைப் போட்டாள்.

“இது சூடோமோனாஸ்னு ஒரு கிருமிங்க. மருந்து இதுக்குள்ள போகாம இல்ல, போகுது. ஆனா போன வேகத்துல இந்தப் பம்பு வெளிய தள்ளிருது. ஒரு மருந்தை மட்டும் இல்லீங்க, விதவிதமா வர்ற மருந்தையெல்லாம் தள்ளுது. உங்களுக்கு வந்ததுல இந்தப் பம்பு சாதாரணமா இருக்கறதைவிட ரொம்ப அதிகம்.”

கலீல் நாற்காலியில் நிமிர்ந்தார். “பம்பா? மெய்யாலுமே பம்பா, இல்ல நமக்குப் புரியணும்னு சொல்றீங்களா?”

“மெய்யாலுமே பம்புதானுங்கண்ணா. மூணு பாகம். உள்சுவர்ல ஒண்ணு, வெளிச்சுவர்ல ஒரு குழாய், ரெண்டையும் சேர்க்க நடுவுல ஒண்ணு. உள்ள இருக்கற பாகம் மூணு அறையா இருக்கும். ஒண்ணு இழுக்கும், ஒண்ணு பிடிக்கும், ஒண்ணு தள்ளும். மாத்தி மாத்திச் சுத்திக்கிட்டே இருக்கும்.”

“கரண்ட்டு?”

“அதுக்கும் உண்டுங்க. சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மின்னூட்டத்துல ஒரு வித்தியாசம் இருக்குது. அதுலதான் ஓடுது.”

எத்தனையோ பம்புகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டவர் கலீல். ஏரிக்கரை மோட்டார், பண்ணை மோட்டார், அபார்ட்மெண்ட் மோட்டார் எல்லாம் அவர் கைக்கு அத்துப்படி. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குள், அதன் சுவரில், ஷாஃப்ட் இல்லாமல் கம்பிச்சுருள் இல்லாமல் ஓடுகிற பம்பு! கால் போகப்போகிறது என்பதை ஒரு நிமிஷம் மறந்தே போனார். அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார்.

“இத நிறுத்த முடியாதா மேடம்?”

“நிறுத்த மருந்து இல்லீங்க. ஆனா இந்தக் கிருமிக்கு ஒரு எதிரி உண்டு. ஃபேஜ்னு பேரு. அதுவும் ஒரு வைரஸ்தான். ஆனா மனுஷ உடம்பைத் தொடாது. கிருமி மேல உக்காந்து, உள்ள பூந்து, அதுக்குள்ளயே பெருகி, உடைச்சுக்கிட்டு வெளிய வரும். ஒவ்வொரு கிருமிக்கும் அதுக்குன்னு ஒரு ஃபேஜ். உங்க கால்ல இருக்கறதுக்குப் பொருந்தறதைத் தேடிக் கண்டுபிடிக்கோணும்.”

“எங்கம்மா கிடைக்கும்?” என்றாள் ஜுபைதா.

வர்ஷா கொஞ்சம் தயங்கினாள். “சாக்கடையிலங்க அக்கா.”

ஜுபைதா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் அதே பேச்சு. “நஜீஸ்ங்க அது, அசுத்தம். அதப் போயி உடம்புல ஏத்துவாங்களா? கால் கழுவிட்டுத் தொழப்போறவரு நீங்க.” மறுநாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே போய்க் கேட்டுவிட்டாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுத்தம் செய்துதானே கொடுக்கிறார்கள், உயிரைக் காப்பாற்றுகிற விஷயத்தில் இவ்வளவு யோசிக்காதே என்று அனுப்பிவைத்தார். அதன் பிறகு அவள் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு கூடியது. இது இன்னும் வழக்கத்துக்கு வராத சிகிச்சை, பலிக்காமலும் போகலாம் என்று கலீலை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மேலிடத்து அனுமதிக்கு ஞானசேகரனே அலைந்தார். அதற்குள் வர்ஷா கையில் பாட்டில்களோடு ஊரைச் சுற்றத் தொடங்கிவிட்டாள். பருத்திப்பட்டு ஏரி, திருவேற்காட்டுப் பக்கம் கூவம், மண்ணூர்பேட்டைக் கால்வாய், ஆஸ்பத்திரியின் கழிவுத் தொட்டி என்று தண்ணீர் எடுத்துவந்து, கலீலின் கிருமியோடு கலந்து வைத்துப் பார்த்தாள். சிலதில் ஒன்றுமே இல்லை. சிலதில் ஃபேஜ் இருந்தது. ஆனால் இந்தக் கிருமியை அது சட்டை செய்யவில்லை.

கலீலுக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. இனிமேல் ரொம்ப நாள் தள்ள முடியாது என்று ஞானசேகரன் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் கட்டு மாற்ற வந்தபோது, வராந்தாவில் எதிர்ப்பட்ட வர்ஷாவின் முகம் வாடியிருப்பதைக் கலீல் பார்த்தார்.

“ஒண்ணும் மாட்டலயா மேடம்?”

“இல்லீங்கண்ணா. இந்தக் கிருமி எங்க கொழுத்துக் கிடக்குதோ, அங்கதான் அதைத் தின்னறதும் இருக்கும். மருந்துத் தண்ணி நிறையக் கலக்கற இடமா இருந்தா நல்லது. கோழிப் பண்ணைக் கழிவு கிடைச்சாத் தேவலை. எங்கூர்லன்னா பண்ணைக்காரங்க எல்லாரையும் தெரியும். இங்க ரெண்டு பண்ணைக்குப் போனேன், கேட்டுக்குள்ளயே விடல.”

“அட, இதுக்கா இம்மாம் யோசனை!” என்றார் கலீல். “நேமத்துல நம்ம அமல்ராஜ் பண்ணை கீது. அவரு மோட்டாரெல்லாம் நம்ம கையிலதான் ஓடினு கீது.”

அப்போதே போன் போட்டார். மறுமுனையில் அமல்ராஜ் முதலில் இழுத்தார். “இன்னா பாய், ஆபீஸருங்க யாரையாச்சும் இட்டுகினு வந்து மாட்டி வுட்றப் போற.” கலீல் தன் காலைப் பற்றிச் சொன்னார். “சாயங்காலத்துக்குள்ள வாங்க,” என்றார் அமல்ராஜ்.

ஆட்டோவின் பின் சீட்டில் காலை நீட்டி வைத்துக்கொண்டு கலீலும் போனார். வேண்டாம் என்று ஜுபைதா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு ஜுபைதா. ஸ்கூட்டரில் பின்னால் வர்ஷா. பண்ணையின் பின்பக்கம், ஷெட்டைக் கழுவிவிடுகிற தண்ணீரெல்லாம் போய்த் தேங்கும் ஒரு குட்டை. மேலே பச்சையும் பழுப்புமாக ஆடை கட்டியிருந்தது. நாற்றம் ஆட்டோ வரைக்கும் வந்தது. ஜுபைதா புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வர்ஷாவின் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, வர்ஷா குச்சியில் கட்டிய பாட்டிலை எட்டி நடுத்தண்ணியில் முக்கினாள்.

“இன்னும் கீழ வுடு மேடம், அடி வண்டல் வரணும்!” என்று ஆட்டோவிலிருந்து கத்தினார் கலீல்.

அமல்ராஜ் ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “குஞ்சு வந்து எறங்குன அன்னிக்கே தண்ணில மருந்து கலக்கிடுவேன் பாய். எல்லாரும் அப்படித்தான். மொதல்ல ஒரு பொட்டலம் போதும். இப்ப மூணு கொட்டுனாலும் சாவறது சாவுது. இன்னா கண்றாவின்னே புரியல.”

“என் கால்லயும் அதே கதைதான் அண்ணாத்தே,” என்றார் கலீல்.

ரெண்டு பேரும் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரமே வர்ஷாவிடமிருந்து போன் வந்தது. “உடனே வாங்கண்ணா,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். குரலிலிருந்து நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

லேப்பில் அவர்களை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், மூடி போட்ட ஒரு கண்ணாடித் தட்டை வெயிலுக்கு எதிரே பிடித்தாள். தட்டு முழுக்க மெல்லிய பச்சை நிறத்தில், கஞ்சி ஆடை படிந்த மாதிரி இருந்தது.

“இந்தப் பச்சைதானுங்கண்ணா உங்க கிருமி. கோடிக் கணக்குல வளர்ந்து கிடக்குது. இப்ப நடுவுல பாருங்க.”

கலீல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்தப் பச்சையின் நடுவே, குண்டூசியால் குத்தியது போல வட்ட வட்டமாக ஓட்டைகள். வெயில் அவற்றின் வழியே தெளிவாகப் பாய்ந்தது. தட்டை அவள் லேசாக அசைத்தபோது ஜுபைதாவின் கன்னத்தில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் ஓடின.

“ஒவ்வொரு ஓட்டையும் ஒரே ஒரு ஃபேஜ்ல ஆரம்பிச்சதுங்க. ஒண்ணு போய் ஒரு கிருமி மேல உக்காருது. கொஞ்ச நேரத்துல நூறாகி வெளிய வருது. அந்த நூறும் பக்கத்துல இருக்கறதுகளப் பிடிக்குது. இப்படியே சாப்பிட்டுச் சாப்பிட்டு இடம் காலியாகி, நம்ம கண்ணுக்கே தெரியற அளவுக்கு ஓட்டை ஆயிருச்சு.”

“எந்தத் தண்ணிம்மா இது?” ஜுபைதாவின் குரல் மெதுவாக வந்தது.

“நேமம் குட்டைங்க்கா.”

வர்ஷா லேப்டாப்பைத் திருப்பினாள். பெரிய மைக்ராஸ்கோப்பில் எடுக்கச் சொல்லி வாங்கிய படம். ஆறு பட்டையாகச் சீவின மாதிரி ஒரு தலை, அதற்குக் கீழே நேராக ஒரு குழல், குழலைச் சுற்றி மோதிரம் மோதிரமாக வரி, அடியில் ஒரு தகடு, தகட்டிலிருந்து கால்கள். நட்டு போல்ட்டு போட்டு யாரோ பட்டறையில் செய்து வைத்தது மாதிரி இருந்தது. குழல் சுருங்கித்தான் உள்ளே இருப்பதைக் கிருமிக்குள் செலுத்தும் என்று வர்ஷா விளக்கினாள்.

கலீல் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தார். லேத்தில் கடைசல் பிடித்தால்கூட இவ்வளவு துல்லியம் வராது என்று அவருக்குத் தெரியும். அந்த நாற்றம் பிடித்த தண்ணீரில், இந்த மாதிரி லட்சோப லட்சம், யாரும் பார்க்காமல், யாரும் கேட்காமல், இத்தனை காலமும் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. பண்ணைக்கு அவர் எத்தனை தடவை போயிருப்பார்! மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் குட்டையைச் சுற்றிக்கொண்டு போனதுதான் ஞாபகம்.

“சுப்ஹானல்லாஹ்,” என்றாள் ஜுபைதா. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“இது எங்க போயி ஒக்காரும் மேடம், கிருமி மேல?” என்று கடைசியில் கேட்டார் கலீல்.

“அது இன்னும் சரியாத் தெரியலீங்கண்ணா. கிருமியோட வெளிச்சுவர்ல ஏதோ ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறுது. எதைன்னு பாக்கோணும்.”

ஃபேஜின் மரபணுவையும் அந்தச் சின்ன மெஷினில் படித்து, கெடுதல் எதையும் சுமந்து வரவில்லை என்று உறுதி செய்தார்கள். வண்டலும் கிருமி உடைசலும் போக வடிகட்டி, சுத்தம் செய்து, மறுபடி சுத்தம் செய்து, கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொண்டுவந்தார்கள். வெறும் தண்ணீர் போல நிறமில்லாமல் இருந்தது. ஞானசேகரன் கலீலின் காலைத் திறந்து கம்பியை எடுத்தார். செத்த எலும்பைச் சுரண்டினார். அந்தத் தண்ணீரை எலும்பைச் சுற்றி ஊற்றினார். வெளியே ஓர் உலோகச் சட்டம் பொருத்திக் காலைப் பிடிமானத்தில் வைத்தார். அதன் பிறகு தினமும் மெல்லிய குழாய் வழியாகக் காயத்துக்குள் ஃபேஜ் போயிற்று.

முதல் சில நாள் கொஞ்சம் காய்ச்சல். பிறகு அது விட்டது. கட்டுத் துணியில் பச்சைக் கறை குறைந்தது. அந்தத் தித்திப்பு வாடையும் போனது. கலீல் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு தட்டு இட்லி முழுசாகச் சாப்பிட்டார். கடையில் காத்திருக்கிற மோட்டார்களைப் பற்றி ஜுபைதாவிடம் விசாரித்தார்.

ஆனால் ஒரு நாள் காலையில் கட்டைப் பிரித்த நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிடப் போனாள். ஜுபைதா எட்டிப் பார்த்தாள். காயத்தின் ஓரம் மறுபடி சிவந்து வீங்கியிருந்தது. நடுவில் கசிவு.

ஞானசேகரன் வந்து பார்த்துவிட்டு, கசிவை எடுத்து மாடிக்கு அனுப்பினார். மறுநாள் சொல்லிவிட்டார்: கிருமி திரும்ப வந்திருக்கிறது, இப்போது ஃபேஜ் அதை ஒன்றும் செய்யவில்லை.

“பழகிடுச்சா சார்?” என்றார் கலீல்.

“தப்பிச்சிடுச்சு பாய்.”

அன்று முழுக்க ஜுபைதா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கலீல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த அழகான, கால் வைத்த சின்ன மெஷின்கூடத் தோற்றுவிட்டது. இதை எதிர்த்து இனி என்ன இருக்கிறது? எடுத்துவிடச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். வெட்டிய பிறகு எந்தப் பக்கம் ஊன்றி ஷட்டரைத் தூக்குவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டார்.

அதைச் சொல்லத்தான் ஞானசேகரனை வரச்சொன்னார். அவர் வருவதற்கு முன்னால் வர்ஷா வந்தாள். மாடியிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. இரண்டு கைகளிலும் இரண்டு தட்டுகள்.

“அண்ணா, சார் வர்றதுக்குள்ள இதைப் பாத்துருங்க. எனக்கு யார்கிட்டயாவது காட்டணும்.”

இடது கையில் இருந்த தட்டு பழையது. பச்சை ஆடையின் மேல் சின்னச் சின்ன மருந்து வட்டுகளை வைத்திருந்தார்கள். கிருமி எல்லா வட்டுகளையும் ஒட்டி, உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது. எந்த மருந்துக்கும் மதிப்பில்லை.

வலது கைத் தட்டைக் காட்டினாள். அதே வட்டுகள். அவற்றில் இரண்டைச் சுற்றி, ஐந்து ரூபாய் காசு அளவுக்குத் தெளிவாக வெற்றிடம். கிருமி கிட்டவே நெருங்கவில்லை.

“இது எந்தக் கிருமி?” கலீலுக்குப் புரியவில்லை.

“ரெண்டும் உங்களுதுதானுங்கண்ணா. இது ஆரம்பத்துல எடுத்தது. இது ஃபேஜ்கிட்ட இருந்து தப்பிச்சு இப்ப வந்திருக்கறது.” அவள் இரண்டு தட்டுகளையும் அருகருகே நீட்டினாள். “ஃபேஜ் எதைப் பிடிச்சு ஏறுதுன்னு கேட்டீங்கல்ல? பம்பைத்தானுங்க. வெளிச்சுவர்ல நீட்டிக்கிட்டு இருக்கற அந்தக் குழாயைப் பிடிச்சுத்தான் ஏறியிருக்குது. ஃபேஜ் விடாம அடிச்சதுல, பம்பு வச்சிருந்த கிருமியெல்லாம் செத்துருச்சு. பம்பு இல்லாமப் போனது மட்டும் பொழைச்சுக்கிச்சு. மரபணுவைப் படிச்சுப் பாத்தேன். பம்போட எழுத்தே அங்க உடைஞ்சு கிடக்குது.”

கலீல் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“அப்ப… உள்ள போற மருந்து?”

“உள்ளயே இருக்கும்ங்க. தள்ள ஆள் இல்ல.”

“பம்பைக் கழட்டிப் போட்டுட்டுத் தப்பிச்சிருக்கா!” என்றார் கலீல். ஃபேஜிடம் மாட்டினால் சாவு. அதிலிருந்து தப்பப் பம்பைத் தொலைத்தால் மருந்திடம் சாவு. எப்பேர்ப்பட்ட பிடி! யாரும் உட்கார்ந்து இப்படி ஒரு திட்டம் போட்டிருக்க முடியாது. அந்தப் பெண்ணே இதை எதிர்பார்த்திருக்கவில்லை; அவள் கண்ணே சொல்லியது. ஜுபைதா இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, குழந்தை முகத்தைத் தொடுவது போல, வலது தட்டின் மூடியை ஒரு விரலால் தொட்டாள்.

ஞானசேகரன் வந்தார். தட்டை வாங்கி ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். மறுபடி பார்த்தார். “இந்த வட்டு எந்த மருந்தும்மா?” என்று தெரிந்துகொண்டே கேட்டார். வர்ஷா பெயரைச் சொன்னாள். முதல் ஆஸ்பத்திரியிலேயே போட்டுப் பார்த்து, பிரயோஜனமில்லை என்று விட்ட பழைய ஊசி மருந்து அது. எந்த மெடிக்கலிலும் கிடைக்கும்.

“முப்பது வருஷமா இதே வேலைதான் பாக்குறேன் பாய், இப்படி ஒண்ணப் பாத்ததில்ல,” என்றார் டாக்டர். கலீலின் தோளைத் தட்டிவிட்டு, ஊசி எழுதப் போனார்.

பழைய ஊசியை ஆரம்பித்தார்கள். பம்பு வைத்த கிருமி ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் தலை எடுக்காதபடி ஃபேஜையும் கூடவே கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. கசிவு நின்றது. காயத்தின் அடியில் ரோஜா நிறத்தில் புதுச் சதை வந்தபோது நர்ஸ்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எலும்பு ஒன்று சேர இன்னும் சில மாதங்கள் பிடித்தன. இடையில் ஓர் ஆபரேஷன் வேறு. வலது கால் கொஞ்சம் குட்டைதான். செருப்பில் கூடுதலாக ஓர் அடுக்கு வைத்து ஒட்டித்தான் நடக்கிறார். ஆனால் சொந்தக் கால்.

கடைக்கு வந்தபோது, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதையைச் சொன்னார். பாதிப் பேர் நம்பவில்லை. “பாய்க்கு மருந்து தலைக்கு ஏறிடுச்சு,” என்று எதிர்க்கடைக்காரர் சிரித்தார். கலீல் கோபப்படவில்லை. தான் அந்தத் தட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் தானும் நம்பியிருக்கமாட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

அமல்ராஜ் நம்பினார். கலீல் நடந்து வந்து பண்ணை கேட்டில் நின்ற அன்று, மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நம்ம குட்டையிலயா பாய்? நெஜமாவா?” என்று நாலு தடவை கேட்டார். பிறகு வர்ஷாவைக் கூப்பிட்டுத் தன் கோழிகளுக்கும் இப்படி ஏதாவது உண்டா என்று விசாரித்தார். அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். குஞ்சுகளைக் கொல்லும் கிருமிக்குப் பொருந்துகிற ஃபேஜ்களையும் அந்தப் பக்கத்துப் பண்ணைக் கழிவுகளிலிருந்தே பிரித்து வைத்திருந்தாள். கால்நடைத் துறை அனுமதியோடு, ஒரு ஷெட்டை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் வழக்கமான மருந்துப் பொடி, மறுபக்கம் பொடியில்லாமல் ஃபேஜ் மட்டும் என்று ஏற்பாடு. குடிதண்ணீரில் சொட்டுச் சொட்டாக அதைக் கலக்கிற சின்னப் பம்பைப் பொருத்தியவர் கலீல்தான்.

அந்தத் தடவை ஃபேஜ் கொடுத்த பக்கத்தில் குஞ்சுகள் கொஞ்சம் குறைவாகச் செத்தன. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. இன்னும் பல தடவை பார்த்தால்தான் தெரியும் என்றாள் வர்ஷா. அமல்ராஜ் பொடி மூட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஆனால் அடுத்த முறை புதிதாக வாங்கவில்லை.

போன மாதம் அந்தப் பம்பைச் சரிபார்க்கப் போனவரிடம், வர்ஷா குட்டைத் தண்ணீரும் எடுத்துவரச் சொல்லியிருந்தாள். கலீல் கரையில் குனிந்து, ஆடையை ஒதுக்கி, பாட்டிலை முக்கி எடுத்தார். துடைத்துவிட்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“இன்னா பாய் தெரியுது?” என்றார் அமல்ராஜ், பக்கத்தில் நின்று.

“ஒண்ணியும் தெரியல அண்ணாத்தே. கலங்கல்தான்.”

“அப்புறம் இன்னாத்துக்கு இம்மா நேரமாப் பாத்துகினு நிக்கிற?”

கலீல் மூடியை இறுக்கினார். பட்டாபிராமில் ஒரு அம்மாவுக்கு மூத்திரப்பையில் இதே மாதிரி மசியாத கிருமியாம். வர்ஷா காலையிலிருந்து இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிப் பையில் பத்திரமாக நிற்கவைத்து, அம்பத்தூர் பஸ்ஸுக்கு நடந்தார்.